பாட்டனார் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்?

சுப்பிரமணிய பாரதி மறைந்த நாள் எது? பாடநூலும் அரசு விழாவும் செப்டம்பர் 11 என்கின்றன. சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவோ 1921 செப்டம்பர் 12 என்கிறது. இரண்டும் பொய்யல்ல. உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டிய பிறகு. பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள் என்பது பஞ்சாங்கக் கணக்கு. மணி பன்னிரண்டு அடித்தாலே அடுத்த நாள் என்பது கச்சேரிக் கணக்கு. அன்று விழித்திருந்தவர்களுக்கு அது 11ஆம் தேதி ராத்திரி. பதிவேட்டுக் குமாஸ்தாவுக்கு 12.

நாடறிந்த கவிஞருக்கே இப்படி என்றால், கொள்ளுத் தாத்தாவின் பிறந்த தேதியைத் தேடிப் புறப்படுகிறவர் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாட்டில் பாதியைக் குறைக்க வழி இருக்கிறது. பின்னாளில் பேரப்பிள்ளைகள் வந்து கேட்பார்கள் என்று எண்ணி எந்த அரசும் பிறப்பு இறப்பை எழுதி வைத்ததில்லை. செத்தவரின் சொத்து யாருக்குப் போகும், காலரா எந்தக் கிராமத்தில் பரவுகிறது, கப்பலில் ஏற்றிய கூலியாள் எந்தத் தோட்டத்துக்குப் போனார், யாருக்குக் குடியுரிமை உண்டு என்று அன்றைய ஆட்சிக்கு ஏதோ ஒரு கவலை இருந்தது. அந்தக் கவலைக்காக ஓர் ஏடு திறக்கப்பட்டது. ஆகவே ‘என் பாட்டனார் எப்போது பிறந்தார்’ என்ற கேள்வியோடு ஆவணக் காப்பகத்தின் படியேறுவதைவிட, ‘அவரை எழுதி வைக்க அன்றைக்கு யாருக்கு என்ன அவசியம் இருந்தது’ என்ற கேள்வியோடு போவதே பலன் தரும்.

சென்னையில் இந்த வரலாறு கோட்டைக்குள் தொடங்குகிறது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் புனித மேரி ஆலயம் 1680 அக்டோபரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் 4ஆம் தேதி அங்கே நடந்த முதல் திருமணம் எலிஹு யேலுடையது. பிற்பாடு சென்னை ஆளுநரானவர், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்தவர். கல்கத்தாவை நிறுவியவர் என்று பெயர் வாங்கிய ஜோப் சார்னாக்கின் மகள்கள் மூவர் 1689இல் ஞானஸ்நானம் பெற்றதும் இங்கேதான். 1753இல் ராபர்ட் கிளைவ் மார்கரெட் மாஸ்கெலினைக் கைப்பிடித்ததும் இங்கேதான். இந்த மாதிரிப் பதிவுகளின் நகல்களைப் பாதிரிமார்கள் ஆண்டுதோறும் லண்டனுக்கு அனுப்பினார்கள். காரணத்தை ஊகிப்பது கடினமல்ல: இங்கே காய்ச்சலில் இறந்துபோகும் கம்பெனி ஊழியரின் பணத்துக்கு அங்கே வாரிசுகள் காத்திருந்தார்கள். சென்னை மாகாணத்துக்கான நகல்கள் 1698இல் தொடங்குகின்றன. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் அவை ‘என்/2’ என்ற வரிசையில் உள்ளன. வங்காளத்துக்கு ‘என்/1’, பம்பாய்க்கு ‘என்/3’. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் வம்சாவளி தேடுவோருக்கு இவை பெரும் புதையல். தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரின் கொள்ளுப்பேரனுக்கு அங்கே வேலை இல்லை.

அவருக்கு எழும்பூரில் வேலை உண்டா? அங்குள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909இல் சென்னை ரெக்கார்டு ஆபீஸாகத் தொடங்கிய பழைய நிறுவனம். பெயரைக் கேட்டதும் பிறப்புப் பதிவேடெல்லாம் அங்கே அடுக்கி வைத்திருப்பார்கள் என்று நினைப்பது இயல்பு. அது அப்படிப்பட்ட இடமல்ல. அரசாணைகள், வருவாய் வாரியத்தின் நடவடிக்கைகள், டச்சுக் கம்பெனியின் காகிதங்கள் என்று அதன் சேகரிப்பு வேறு வகை. அந்த டச்சுக் காகிதங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் ஏறியவை. ஆனால் குடும்பத்துக்கு இனாம் நிலம் இருந்திருந்தால் எழும்பூருக்குப் போவது வீணாகாது. 1858க்குப் பிறகு இனாம் கமிஷன் ஊர் ஊராக விசாரணை செய்து எழுதிய ‘இனாம் ஃபேர் ரிஜிஸ்ட’ரில், நிலத்தை முதலில் பெற்றவர் யார், விசாரணையின்போது அனுபவித்தவர் யார், அவர் வயது என்ன, முன்னவருக்கு என்ன உறவு என்றெல்லாம் கட்டம் போட்டு நிரப்பியிருப்பார்கள். நில வழக்குக்காக வக்கீல்கள் நகல் வாங்கும் அந்த ஏடு, பிறப்புப் பதிவே இல்லாத காலத்தில் மூன்று தலைமுறையை ஒரே வரியில் தந்துவிடும். நிலமில்லாத குடும்பத்துக்கு அந்த வரி கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆவணத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைச் சாதியும் சொத்தும் பெருமளவு முடிவு செய்தன.

கிராமத்துப் பிறப்பு இறப்புப் பதிவுக்கு மூலகாரணம் மருத்துவக் கவலை, அதிலும் குறிப்பாகப் பட்டாளத்தைப் பற்றிய கவலை. இந்தியாவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் போரைவிட நோயால் அதிகம் சாகிறார்கள் என்று 1863இல் ஓர் அரச ஆணைக்குழு அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டே மாகாணங்களில் சுகாதார ஆணையங்கள் வந்தன. பட்டாளத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் சுற்றியுள்ள ஊர்களில் யார் எதனால் சாகிறார்கள் என்று தெரிய வேண்டும். கணக்கெடுக்கும் வேலை கிராம முன்சீப்பின் தலையில் விழுந்தது. வைத்தியமே தெரியாத அவர், இறந்தவரைக் காலரா, அம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயம், மற்றவை என்று ஏதோ ஒரு தலைப்பில் போட வேண்டும். எது என்று தெரியாதபோது காய்ச்சல் என்று எழுதுவதே வசதி. பழைய இறப்பு ஏடுகளில் காய்ச்சலால் மாண்டவர்கள் அவ்வளவு பேர் இருப்பதற்கு அதுவே ஒரு காரணம். பாட்டியின் சாவுக்குக் காரணம் தேடுகிறவர் அந்தக் கட்டத்தை நம்பி மருத்துவ முடிவுக்கு வந்துவிடக் கூடாது. இன்றைய சட்டமும் அந்தக் கட்டத்தை மூடியே வைத்திருக்கிறது: 1969 ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, இறப்புப் பதிவிலிருந்து தரப்படும் நகலில் சாவின் காரணத்தைக் காட்டக் கூடாது.

இந்த ஏற்பாடு எவ்வளவு தாங்கும் என்பதை 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் காட்டிக்கொடுத்தது. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், நிவாரண வேலைக்குத் தரப்படும் கூலி உயிரைக் காப்பாற்றப் போதாது என்று, இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிளுடன் மோதியவர். அவருடைய துறை நம்பியிருந்ததோ முன்சீப்பின் ஏடுகளை. ஊரை விட்டுக் கிளம்பி, சாலையோரத்தில் விழுந்து இறந்தவரை எந்த ஊர் முன்சீப் எழுதுவார்? சொந்த ஊர் ஏட்டில் அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். இறந்த ஊரில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. அந்த மூன்று ஆண்டுகளில் குடும்ப மரத்தின் கிளை ஒன்று திடீரென்று அறுந்து போனால் ஆச்சரியப்படத் தேவையில்லை.

சட்டம் மெதுவாக வந்தது. 1886 ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுச் சட்டம் பெயரளவில் நாடு முழுமைக்கும் உரியது. ஆனால் அது கட்டாயமில்லை. இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தியவர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்குமே அது உரியது. திரும்பவும் வாரிசுரிமை! சென்னை மாகாணம் 1899இல் தனக்கென்று ஒரு சட்டம் செய்து, அறிவிக்கப்பட்ட இடங்களில் பதிவைக் கட்டாயமாக்கியது. இப்போதுள்ள மத்தியச் சட்டம் 1969இல் நிறைவேறி, தமிழ்நாட்டில் 1970 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே 1899க்கு முந்தைய கிராமத்துப் பிறப்பைத் தேடுகிறவர் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டும். 1899க்கும் 1970க்கும் இடையே தேடுகிறவர் முன்சீப்பின் கையெழுத்தை நம்ப வேண்டும்.

அந்த ஏடுகள் இன்று எங்கே? நகரமானால் மாநகராட்சி, நகராட்சி. கிராமமானால் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகம். பத்திரப் பதிவுக்குப் போகும் அதே இடம். ஆண்டு முடிந்து எழுதப்பட்ட கிராம ஏடுகள் அங்கே போய்ச் சேர்வது தமிழ்நாட்டு வழக்கம். பதிவுத் துறையின் இணையதளத்திலும் பிறப்பு இறப்பு தேடும் வசதி உண்டு. இடையில் ஒரு திருப்பத்தை நினைவில் வைக்க வேண்டும்: 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒரே உத்தரவில் ஒழித்தது. பல தலைமுறையாக ஒரே வீட்டுத் திண்ணையில் இருந்த கிராமக் கணக்குகள் புதிய கிராம நிர்வாக அலுவலர்களின் கைக்கு மாறின. நிர்வாகத்துக்கு அது நல்லதே. ஆனால் ஊர் ஏடு கிடைக்கவில்லை என்றால், அந்தப் பழைய முன்சீப் குடும்பத்தையும் ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம்.

ஏடு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தாத்தாவின் பெயரை அதில் தேடினால் அநேகமாக ஏமாற்றமே. பிறந்த சில நாளில் பதிவு. பெயர் வைப்பது அதற்குப் பிறகு. ஏட்டில் இருப்பது ‘ஆண் குழந்தை’ என்ற இரண்டு சொல்லும் தகப்பன் பெயரும்தான். பிற்பாடு பெயரைச் சேர்க்க 1969 சட்டத்தின் 14ஆம் பிரிவு வழி செய்தாலும், அந்தக் காலத்தில் யார் அதற்காக அலுவலகம் போனார்கள்? எனவே தேட வேண்டியது பிள்ளையின் பெயரை அல்ல. தகப்பன் பெயர், தெரு, உத்தேச மாதம் ஆகியவற்றை. தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவது வழக்கம் என்பதால் தாயின் ஊர் ஏட்டையும் சேர்த்துப் புரட்ட வேண்டும். ஈரோட்டில் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்த கும்பகோணத்து ராமானுஜன் இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம்.

திருமணத்துக்கு வந்தால், இந்துக் குடும்பங்களைப் பொறுத்தவரை அரசு ஏடு ஏறக்குறைய வெற்றிடம். கிறிஸ்தவத் திருமணத்துக்கு 1872 ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது; முஸ்லிம்களுக்கு ஜமாத்தின் நிக்காஹ் தப்தர் இருந்தது. இந்துக்களுக்கு அக்கினியே சாட்சி. புரோகிதரும் தாலியும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்களைச் சட்டம் ஏற்றுக்கொண்டதே அண்ணாதுரை ஆட்சியில் 1967இல் வந்த திருத்தத்தால்தான். எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிய வேண்டும் என்ற தமிழ்நாட்டுச் சட்டம் 2009இல் வந்தது. ஆகையால் 1930இல் நடந்த கல்யாணத்துக்கு ஆதாரம் வேண்டுமானால் வேறு காகிதங்களைத் துழாவ வேண்டும்: சீர்வரிசைக்காக எழுதிய செட்டில்மெண்ட் பத்திரம், பாகப் பிரிவினை, அழைப்பிதழ், மொய் நோட்டு. மொய் நோட்டை யாரும் ஆவணம் என்று மதிப்பதில்லை. ஆனால் நாள், ஊர், உறவினர் பட்டியல், யார் எவ்வளவு செய்தார் என்பதெல்லாம் ஒரே நோட்டில் இருக்கும். கடன் கணக்கு என்பதால் பொய்யும் இருக்காது. நாட்டுக்கோட்டை நகரத்தாரிடையே இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுத்தில் உண்டு. ஒன்பது நகரக் கோயில்களும் திருமணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாகக் கணக்கு வைக்கின்றன. அரசு எழுதாததைச் சமூகம் எழுதிக்கொண்ட இடங்கள் இவை.

பாண்டிச்சேரி எல்லையைத் தாண்டினால் நிலைமை அடியோடு வேறு. அங்கே மாதாகோயில் பதிவுகள் 1676இலிருந்தே கிடைக்கின்றன. அவற்றின் சுருக்கத்தைப் பிரெஞ்சிந்திய வரலாற்றுக் கழகம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சிட்டது. 1776 ஜூனில் பதினாறாம் லூயி அரசர் ஓர் ஆணை பிறப்பித்தார். குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளை மூன்று பிரதியாக எழுத வேண்டும். அதில் ஒன்று கப்பலேறி வெர்சாய்க்கு வர வேண்டும். ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கி அப்போது 15 ஆண்டுதான் ஆகியிருந்தது. யுத்தம், புயல், கறையான் மூன்றுக்கும் தப்பிக்க அதுதான் வழி. அந்தப் பிரதிகளின் வழித்தோன்றல்களே இன்று தென் பிரான்ஸில் எக்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஏடுகளின் படங்களை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். தலைநகர் பாரிஸுக்கு இந்த யோகம் இல்லை. அங்கே இரண்டு பிரதி மட்டும் எழுதி, ஒன்றை நகர மண்டபத்திலும் மற்றொன்றை நீதிமன்றத்திலும் வைத்தார்கள். 1871 மே மாதம் கம்யூன் கலவரத்தின் கடைசி நாட்களில் இரண்டு கட்டடமும் எரிந்து, 1860க்கு முந்தைய பாரிஸின் பதிவுகள் சாம்பலாயின. மூன்றில் ஒரு பங்கைத்தான் பிற்பாடு திரட்ட முடிந்தது. 1840இல் பாரிஸில் பிறந்தவரைத் தேடுவதைவிடக் காரைக்காலில் பிறந்தவரைத் தேடுவது எளிதாக இருக்கக்கூடும்.

பிரெஞ்சுப் பதிவின் கட்டமைப்பே அலாதி. 1792இல் புரட்சி அரசு இந்த வேலையைப் பாதிரியாரிடமிருந்து பிடுங்கி நகராட்சியிடம் கொடுத்தது. ஆங்கிலேயரின் ஏடு கட்டம் போட்ட அட்டவணை. பிரெஞ்சு ஏடு முழு வாக்கியத்தில் எழுதிய பத்திரம். இன்ன ஆண்டு, இன்ன நாள், இன்ன மணிக்கு, இன்ன வயதுடைய, இன்ன தொழில் செய்யும், இன்ன தெருவில் குடியிருக்கும் இன்னார் எம் முன் ஆஜராகி என்று தொடங்கி, சாட்சிகளின் பெயர், வயது, தொழில் வரை போகும். பிறப்பு மட்டுமல்ல, அந்தத் தெருவே தெரியும். பத்தாண்டுக்கு ஒருமுறை தனி அகரவரிசை உண்டு. தேடலை அங்கேதான் தொடங்க வேண்டும். 1897க்குப் பிறகு பிறப்புப் பதிவின் ஓரத்திலேயே திருமணத்தையும், 1945க்குப் பிறகு இறப்பையும் குறிக்க வேண்டும் என்று விதி வந்தது. ஓரக் குறிப்பைப் படிக்காமல் பக்கத்தைப் புரட்டுகிறவர் பாதி விஷயத்தைத் தவறவிடுகிறார்.

பாண்டிச்சேரித் தேடலில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் 1881. அந்த ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி ஆணையின்படி, இந்தியர்கள் தம் சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வரலாம். வருகிறவர் ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொள்ள வேண்டும். நீதிமன்றத்தில் காலணி அணியும் உரிமைக்காக வழக்காடிப் பேர்பெற்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, ‘லாபோர்த்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டார். ஆகவே தகப்பனார் ஏட்டில் தமிழ்ப் பெயர் மட்டும் இருக்கும். மகன் ஏட்டில் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் ஒட்டியிருக்கும். இரண்டையும் இணைப்பது துறப்பு ஆவணம் ஒன்றுதான். 1954 நவம்பரில் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டில் இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம் முழுமையாக அமலானது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. யார் எங்கே பிறந்தார் என்ற ஒரு வரி, அதன் பிறகு மூன்று தலைமுறையின் கடவுச்சீட்டை முடிவு செய்தது. பிரான்ஸின் நாந்த் நகரில், வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களின் பதிவுகளுக்கென்றே இயங்கும் அலுவலகத்தைப் பாண்டிச்சேரிக் குடும்பங்கள் பலவும் நன்றாக அறியும்.

இதே துறைமுகங்களிலிருந்து கூலிக் கப்பல்களும் போயின. ‘ஓரேலி’ என்ற கப்பல் 1854 டிசம்பரில் குவாதலூப் தீவில் கொண்டுபோய் இறக்கிய இந்தியர்களின் வாரிசுகள் இன்று முத்துசாமியையும் வீராசாமியையும் ராமசாமியையும் பிரெஞ்சு எழுத்தில் குடும்பப் பெயராகச் சுமக்கிறார்கள். கப்பலில் வந்த ஒருவரின் சொந்தப் பெயர், அடுத்த தலைமுறைக்கு வம்சப் பெயராகிவிட்டது. அவர்கள் தேடி வரும்போது ‘உ’ என்ற ஒலி இரண்டு பிரெஞ்சு எழுத்தாகவும், ‘பிள்ளை’ என்பது ‘புல்லே’ போன்ற உருவத்திலும் நிற்கும். எழுத்தைத் தேடாமல் ஒலியைத் தேடுகிறவருக்கே விடை கிடைக்கும்.

ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளில் சாமானியத் தமிழரைப் பற்றி மிக விரிவாக எழுதப்பட்ட பதிவு எது என்று கேட்டால், அது தமிழ்நாட்டில் இல்லை; தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பன் கரையை அடைந்தது. அன்றிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதற்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம். சொந்த ஊரின் முன்சீப் ஒரு நாளும் எழுதாத மச்சத்தையும் தழும்பையும் துறைமுகத்துக் குமாஸ்தா எழுதினார். ஆள் ஓடிப்போனால் பிடிக்க வேண்டும் அல்லவா? நோக்கம் கொடுமையானது. ஆனால் நான்கு தலைமுறை கழித்துச் சேலத்திலோ வடஆற்காட்டிலோ தம் கிராமத்தைக் கண்டுபிடிக்க வருகிறவருக்குக் கையில் இருக்கும் ஒரே சாவி அந்த எண்தான். தோட்ட மாற்றம், திருமணம், இறப்பு எல்லாம் அந்த எண்ணின் கீழேயே பதிவாயின. மொரீஷியஸ் இன்னும் ஒரு படி மேலே போய்ப் புகைப்படமும் எடுத்தது; மோகா நகரில் மகாத்மா காந்தி நிறுவனம் பாதுகாக்கும் அந்தக் குடியேற்ற ஆவணங்கள் 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன.

தென்னாப்பிரிக்காவில் திருமணப் பதிவு வெறும் காகித விஷயமாக நிற்கவில்லை. 1913 மார்ச்சில் கேப் நகர நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு எழுதினார்: கிறிஸ்தவ முறைப்படி நடந்து முறையாகப் பதிவு செய்யப்படாத திருமணங்கள் அந்த நாட்டில் செல்லாது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான இந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர் ஆனார்கள்; பிள்ளைகள் வாரிசு அல்லாதவர் ஆனார்கள். காந்தியின் சத்தியாகிரகத்தில் பெண்கள் திரண்டு இறங்கியது இதன் பிறகுதான். சிறையிலிருந்து நோயோடு திரும்பி 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த தில்லையாடி வள்ளியம்மை பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். பெயரோடு ஒட்டிக்கொண்டதோ பெற்றோரின் ஊர். அதே 1914இல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் அந்தத் திருமணங்களை அங்கீகரித்தது.

இலங்கையின் கதை இதைவிடக் கசப்பு. டச்சுக்காரர் காலத்திலேயே அங்கே தோம்பு என்ற ஏடு இருந்தது. நிலத்துக்கு ஒரு தோம்பு. பள்ளிக்கூட ஆசிரியர் எழுதிய பள்ளித் தோம்பில் ஊராரின் ஞானஸ்நானமும் திருமணமும். வாரிசுரிமைக்கு அதுவே ஆதாரம் என்பதால் பெயர் ஏறாதவருக்குத் தொல்லைதான். பிரிட்டிஷ் ஆட்சியில் 1867 சட்டத்தோடு பிறப்பு இறப்புப் பதிவு முறைப்படுத்தப்பட்டது. கொழும்பிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தத் தோம்புகளை இன்றும் காணலாம். ஆனால் மலையகத்துக்கு நடந்தே போய்ச் சேர்ந்த தமிழருக்கு நேட்டால்காரருக்குக் கிடைத்த கப்பல் பட்டியல்கூடக் கிடையாது. அவர்களைக் கூட்டிப் போனது ஆள் சேர்க்கும் கங்காணி. அவர்கள் பெயரில் இருந்த முக்கியமான காகிதம் ‘துண்டு’, அதாவது கங்காணிக்கு எவ்வளவு கடன் என்ற சீட்டு. பிறந்த நாளைவிடப் பற்று வரவுக்குத்தான் அங்கே மதிப்பு.

1948இல் சுதந்திர இலங்கை இயற்றிய 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களிடம் கேட்டது என்ன? தகப்பன் இலங்கையில் பிறந்தார், அல்லது தகப்பனுக்குத் தகப்பனும் அவருக்குத் தகப்பனும் இலங்கையில் பிறந்தார்கள் என்பதற்கு ஆதாரம். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த தாத்தாவின் பிறப்புப் பதிவுக்கு எங்கே போவது? கொழும்பில் பிறந்த செல்வந்தர் ஒருவரே தம் கொள்ளுத் தாத்தாவுக்கு அப்படிக் காகிதம் காட்டத் திணறியிருப்பார். அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் சுமார் 8 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1,34,000 பேர். எஞ்சியவர்களை 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் பங்கு போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3 லட்சம், பிறகு பார்த்துக்கொள்ள 1,50,000. கடைசி நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வர 2003 ஆயிற்று. காகிதம் இல்லாததை ஓர் அரசு ஆயுதமாக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு தமிழர் வரலாற்றில் இல்லை.

இனி, தேடிப் போகிறவருக்குச் சில நடைமுறை விஷயங்கள். முதலில் ஆண்டைச் சுருக்க வேண்டும். தேடுதல் கட்டணம் ஆண்டுக்கு இவ்வளவு என்றுதான் வாங்குவார்கள். வீட்டில் ஜாதகம் இருந்தால் அதுவே தொடக்கம். பிரபவ ஆண்டு என்றிருந்தால் அது 1867இலோ 1927இலோ 1987இலோ சித்திரையில் தொடங்கியதாகத்தான் இருக்க முடியும். 60 ஆண்டு இடைவெளியில் எது என்று மற்ற உறவினரின் வயதைக் கொண்டு எளிதில் தெரிந்துகொள்ளலாம். மாதமும் திதியும் நட்சத்திரமும் இருந்தால் ஆங்கிலத் தேதியையே கணித்துவிடலாம். 1799 வரையுள்ள தேதிகளுக்கு எல்.டி. சுவாமிக்கண்ணு பிள்ளையின் ‘இந்தியன் எஃபிமெரிஸ்’ இன்றும் ஆய்வாளர்களின் கைநூல். கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே கொல்லம் ஆண்டு புழங்கும். அதோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும்.

பள்ளிச் சான்றிதழின் பிறந்த தேதியை வைத்துத் தேடுவது பெரும்பாலும் வீண்வேலை. தலையைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய் எதிர்ப்பக்கத்துக் காதைத் தொட்ட பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்தது என்று வாத்தியார் ஒரு தேதியைப் போட்ட காலம் அது. ஒரு தெருவில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்ததாகச் சான்றிதழ் சொல்வதன் ரகசியம் பள்ளி திறக்கும் மாதம்தான். அரசு வேலையில் அந்தத் தேதியே கடைசிவரை நின்றது. ஏடு வேறு தேதி சொன்னால் பெரும்பாலும் ஏட்டையே நம்பலாம். ஏடு எழுதப்பட்டபோது குழந்தை தொட்டிலில் இருந்தது.

விண்ணப்பத்தில் தகப்பன் பெயரைத் தமிழிலும், பழைய ஆங்கில எழுத்துக்கூட்டு தெரிந்தால் அதிலும் எழுத வேண்டும். ஊரின் பழைய பெயர், அன்றைய தாலுகா, தெரு ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். ஊர் இன்று எந்த மாவட்டம் என்பது முக்கியமல்ல. அன்று எந்தப் பதிவாளரின் எல்லையில் இருந்தது என்பதே முக்கியம். உத்தேச ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஓரிரு ஆண்டு சேர்த்துத் தேடச் சொல்லலாம். பதிவு கிடைத்தால் நகலோடு நின்றுவிடாமல், முடிந்தால் மூல ஏட்டின் பக்கத்தையும் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். நகல் எடுக்கும் குமாஸ்தாவின் கை தவறுவது புதிதல்ல. அடுத்த வரியில் சித்தப்பாவும் இருக்கக்கூடும். கிடைக்கவில்லை என்று வாய்ச்சொல்லில் பதில் வந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். பதிவு இல்லை என்ற சான்றிதழை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஓராண்டுக்கு மேல் விட்டுப்போன பிறப்பையோ இறப்பையோ இன்று பதிய வேண்டுமானால், மேலதிகாரியின் உத்தரவுக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான்.